விதைக்கு விலாசம் வேண்டும்

விதைத் திருவிழாவுக்குப் போய் வந்த யாருடைய போனை வேண்டுமானாலும் திறந்து பாருங்க. ‘நெல் அண்ணன்’, ‘விதை அக்கா’, ‘மீன் அமிலம் திருச்சி’, ‘பாரம்பரியம் 2’ என்று பெயர்கள் வரிசையாக நிற்கும். ஒரு மாதம் கழித்து, அந்த நெல் அண்ணன் யாரு, எந்த ஊரு, அவர்கிட்ட என்ன பேசினோம், என்ன விதை வாங்கினோம் என்று கேட்டால் பதில் வராது. எண் இருக்கும், ஆள் நினைவில் இருக்க மாட்டார். இன்னும் சிலருக்கு எண்ணும் இருக்காது. துண்டறிக்கையின் முதுகில் அவசரமாக எழுதியதை எண்ணிப் பார்த்தால் ஒன்பது இலக்கம்தான் தேறும்.

இரண்டு ஆண்டுகளாக எங்கள் பகுதி உழவர்களின் மாதக் கூட்டத்திலும், நாங்கள் கடை போடப் போகும் விதைத் திருவிழாக்களிலும் ஒரு சின்ன ஏற்பாட்டைச் செய்து பார்த்து வருகிறோம். தொட்டால் தொடர்பு எண்ணைக் கொடுக்கும் டேக், கேமராவைக் காட்டினால் விவரம் தரும் கியூஆர் கோடு, இரண்டையும் விதை மேசையில் வைக்கிறோம். சிலர் கழுத்தில் மாட்டிக்கொள்கிறோம். முதல் முறை இதைப் பார்த்த பெரியவர் ஒருவர், “ஏந்தம்பி, ரசாயனம் வேண்டாம், கம்பெனி விதை வேண்டாம்னு சொல்லிட்டு, இந்த வில்லையைக் கழுத்துல கட்டிக்கிட்டுத் திரியுறீங்களே, இது எந்த ஊரு இயற்கை?” என்று கேட்டார். நியாயமான கேள்வி. இந்தக் கட்டுரையே அவருக்கான பதில்தான்.

விதை வாங்குவது கடன் வாங்குவது

கடையில் விற்கும் விதைப் பையை எடுத்துப் பாருங்க. ரகத்தின் பெயர், குவியல் எண், சோதனை செய்த நாள், முளைப்புத்திறன் எவ்வளவு, தூய்மை எவ்வளவு, எல்லாம் அச்சடித்து ஒட்டியிருக்கும். சட்டம் அப்படிக் கேட்கிறது. நம் மரபு விதைப் பொட்டலத்தில் என்ன இருக்கும்? நாளிதழ்க் காகிதத்தில் மடித்து, மேலே பேனாவால் ‘பூங்கார்’ என்று ஒரு வார்த்தை. அவ்வளவுதான். மற்ற எல்லா விவரமும் அதைக் கொடுத்தவர் மண்டைக்குள் இருக்கிறது. எந்தப் பட்டம், எத்தனை நாள், எந்த மண், சாயுமா சாயாதா, வைக்கோல் மாடு தின்னுமா, சோறு எப்படி, எல்லாம் அவருக்குத்தான் தெரியும். நம்மைப் பொறுத்தவரை அந்த ஆள்தான் விதையின் லேபிள். ஆளைத் தொலைத்தால் லேபிளைக் கிழித்துப் போட்ட மாதிரி.

இன்னொன்றும் இருக்கு. திருத்துறைப்பூண்டிப் பக்கம் ஆதிரெங்கத்தில் நெல் ஜெயராமன் ஐயா நடத்திய நெல் திருவிழாவுக்குப் போனவர்களுக்கு அந்தக் கணக்கு தெரியும். இரண்டு கிலோ விதை வாங்கிப் போனால், அடுத்த ஆண்டு நான்கு கிலோவாகத் திருப்பித் தர வேண்டும். 174 மரபு நெல் ரகங்களை அவர் மீட்டார் என்று பெருமையாகச் சொல்கிறோம். அந்த மீட்பின் முதுகெலும்பு இந்த இரண்டுக்கு நான்குதான். காசு கொடுத்து வாங்கினால் கடைக்காரர் முகம் நினைவில் இருக்க வேண்டியதில்லை. கடனாக வாங்கினால் கொடுத்தவருக்கு வாங்கியவரும், வாங்கியவருக்குக் கொடுத்தவரும் தெரிந்திருக்கணும். ஜெயராமன் ஐயா 2018 டிசம்பர் 6-ஆம் தேதி நம்மை விட்டுப் போனார். அந்தக் கணக்கை இனி நாம்தான் நம் கைகளில் எழுதி வைக்கணும்.

கொடுத்தவரைத் தொலைத்தால் என்ன ஆகும் என்பதற்கு எங்கள் கூட்டத்தில் கேட்ட ஒரு கதை. புதுக்கோட்டைப் பக்கத்துத் தங்கச்சி ஒருத்தர், கணவரோடு சேர்ந்து ஒன்றரை ஏக்கர் பார்க்கிறவர். ஏதோ ஒரு திருவிழாவில் ஒரு நெல் பொட்டலம் வாங்கி வந்திருக்கிறார். பொட்டலத்தில் ‘சம்பா’ என்று மட்டும் எழுதியிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்ததால் வைகாசியிலேயே விதைத்துவிட்டார். பயிர் வளர்ந்தது, வளர்ந்தது, வளர்ந்துகொண்டே இருந்தது. கதிர் வரவில்லை. ஆவணியில் பக்கத்து வயல்காரர், “என்ன அக்கா, கோரை வளக்குறீங்களா?” என்று கேட்டுச் சிரித்திருக்கிறார்.

சம்பாப் பட்டத்துக்குரிய நீண்டநாள் மரபு ரகங்கள் பலவும் பகல் பொழுது குறைந்தால்தான் பூக்கும். முன்னாடியே விதைத்தால் முன்னாடியே கதிர் வராது, இலையும் உயரமும்தான் வரும். கொடுத்தவரிடம் ஒரு போன் போட்டிருந்தால், “ஆடிக்கு முன்ன அதைத் தொடாதம்மா” என்று ஒரே வரியில் சொல்லியிருப்பார். போன் போட எண் இல்லை. பயிரை மாட்டுக்கு அறுத்துப் போட்டுவிட்டு, அடுத்த பட்டத்துக்குக் கடை விதைக்கே போய்விட்டார்கள். நாம் மேடையில் நின்று மரபு விதை, மரபு விதை என்று பேசுகிறோம். ஒரு குடும்பம் அதைவிட்டு வெளியே போனது பத்து இலக்க எண் ஒன்று கையில் இல்லாததால்.

கஜாவுக்குப் பிறகு

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா புயல் நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில் கரையேறியது. தென்னை போனது, மா போனது, வீடு போனது, எல்லோரும் எழுதினார்கள். விதை போனதை அவ்வளவாக யாரும் எழுதவில்லை.

வேதாரண்யம் பக்கம் எனக்குத் தெரிந்த ஐயா ஒருவர், பல ஆண்டுகளாக நெல் விதை காத்தவர். கூரை பறந்து, கட்டி வைத்திருந்த விதைக்கோட்டைகள் மழையில் நனைந்து முளைகட்டிவிட்டன. வயலில் நின்ற பயிரும் தப்பவில்லை. அவர் கலங்கவில்லை. “நான் குடுத்த விதை ஊரெல்லாம் இருக்கு தம்பி, திருப்பி வாங்கிக்கிறேன்” என்றார். ஆனால் யார் யாருக்குக் கொடுத்தோம் என்று எழுதி வைத்திருந்த நோட்டு விட்டத்தில் செருகியிருந்தது. அதுவும் கூழாகிவிட்டது. நினைவில் இருந்தவர்களுக்கெல்லாம் போன் செய்தோம். பெரும்பாலான ரகங்கள் படி படியாகத் திரும்பி வந்து சேர்ந்தன. இரண்டு ரகம் மட்டும் வரவே இல்லை.

அந்த இரண்டும் அழிந்துவிட்டன என்று நான் சொல்ல மாட்டேன். யாரோ ஒருவர் வயலில் இந்தப் பட்டத்துக்கும் அது நிற்கலாம். அவருக்கும் தான் வைத்திருப்பது கடைசி விதை என்று தெரியாது. விதை இருக்கு, விலாசம் இல்லை. விதை வங்கி என்று பெரிய கட்டடம் கட்டினாலும் ஒரு புயலில், ஒரு தீயில் போய்விடும். பத்து ஊரில் பத்துப் பேர் வயலில் இருப்பதுதான் உண்மையான வங்கி. ஆனால் அந்தப் பத்துப் பேரும் ஒருவரையொருவர் கண்டுபிடிக்க முடிந்தால்தான் அது வங்கி. இல்லாவிட்டால் பத்துத் தனிப் பொட்டலங்கள்தான்.

டேக் என்பது என்ன?

பெரியவர் கேட்ட வில்லைக்கு வருகிறேன். தபால்தலை அளவு ஸ்டிக்கர், அல்லது ரேஷன் அட்டை மாதிரி ஒரு பிளாஸ்டிக் அட்டை. உள்ளே எறும்புத் தலை அளவு சில்லு, அதைச் சுற்றி மெல்லிய கம்பிச் சுருள். பேட்டரி கிடையாது. போனை ஒட்டிக் கொண்டுவந்தால், போனிலிருந்து வரும் 13.56 மெகாஹெர்ட்ஸ் அலையிலேயே அந்தச் சில்லு உயிர் பெற்று, தன்னிடம் எழுதியிருப்பதைச் சொல்லிவிடும். இதற்கு என்எஃப்சி என்று பெயர். தட்டிப் பணம் கட்டும் ஏடிஎம் கார்டிலும் இதே வேலைதான் நடக்கிறது. சுங்கச்சாவடியில் கார் கண்ணாடியில் இருக்கும் ஃபாஸ்டேக் இதற்கு ஒன்றுவிட்ட அண்ணன் முறை. அது பல அடி தூரத்தில் இருந்தே படிக்கும். நம் டேக் இரண்டு மூன்று சென்டிமீட்டர் நெருக்கத்தில்தான் பேசும். அது நல்லதுதான். நாம் கொடுக்காமல் தூரத்தில் நின்று யாரும் எடுக்க முடியாது.

மொத்தமாக வாங்கினால் ஒரு ஸ்டிக்கர் டீ, வடை செலவுக்குள் முடிந்துவிடுகிறது. அதில் எழுதுவதற்கு என்எஃப்சி டூல்ஸ் மாதிரி இலவச செயலிகள் இருக்கின்றன. கூட்டத்தில் படிக்கிற பிள்ளைகள் யாராவது இருந்தால் பத்து நிமிடத்தில் சொல்லிக் கொடுத்துவிடுவார்கள்.

எங்கள் கைப்பழக்கத்தில் தெரிந்த சில விஷயங்கள்:

சின்ன டேக்கில் 144 பைட்தான் இடம். இங்கிலீஷ் எழுத்து ஒன்றுக்கு ஒரு பைட் போதும். தமிழில் உயிர், மெய், புள்ளி, கொம்பு, கால் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட் ஆகும். ‘மாப்பிள்ளைச் சம்பா’ என்று எழுதினாலே 52 பைட் போய்விடும். மூன்றில் ஒரு பங்குக்கு மேல் ஒரே ரகத்தின் பெயருக்கு! தமிழில் விவரம் எழுத வேண்டுமானால் 504 பைட் அல்லது 888 பைட் இருக்கும் டேக்காகக் கேட்டு வாங்குங்க. சின்ன டேக் என்றால் வாட்ஸ்அப் இணைப்பு ஒன்றை மட்டும் எழுதினால் போதும்.

டின் டப்பா, எவர்சில்வர் தூக்கு இவற்றின்மேல் ஸ்டிக்கரை ஒட்டினால் வேலை செய்யாது. இரும்பு அலையை மறைத்துவிடும். மரப்பலகை, மண்பானை, சாக்கு, அட்டைப்பெட்டி, இதிலெல்லாம் நன்றாக வேலை செய்கிறது.

எழுதி முடித்துச் சரிபார்த்த பின் டேக்கைப் பூட்டிவிட வேண்டும். பூட்டாவிட்டால் யாரும் அதன்மேல் வேறு எதையாவது எழுதிவிடலாம். ஒரு முறை பூட்டினால் பிறகு திறக்க முடியாது. அதனால் எண்ணைச் சரிபார்க்காமல் பூட்ட வேண்டாம்.

எல்லா போனிலும் என்எஃப்சி இல்லை. குறைந்த விலை ஆண்ட்ராய்டு போன்கள் பலவற்றில் கிடையாது. இருக்கும் போனிலும் அமைப்புகளுக்குள் போய் அதை இயக்கி வைத்திருக்கணும். எங்கள் விதை மேசைக்கு வருபவர்களில் டேக்கைத் தட்டி எடுக்க முடிகிறவர்களைவிட முடியாதவர்களே அதிகம். அதனால் டேக் மட்டும் போதாது.

கியூஆர் கோடு நமக்குப் பழகியது

பெட்டிக்கடை முதல் உழவர் சந்தை வரைக்கும் பணம் கட்டும் கட்டம் தொங்குகிறது. அதே கட்டத்தில் நம் பெயரையும் எண்ணையும் வைக்கலாம். 1994-இல் ஜப்பானில் டென்சோ வேவ் என்ற நிறுவனம் கார் உதிரிபாகங்களைக் கணக்கு வைப்பதற்காக உருவாக்கியது இது. பயன்படுத்த யாருக்கும் காசு கொடுக்க வேண்டியதில்லை. உழவருக்கு இதில் பிடித்த குணம், கொஞ்சம் கிழிந்தாலும் சேறு பட்டாலும் படிக்கும். அதிகத் திருத்தம் உள்ள வகையாக அச்சடித்தால் கட்டத்தில் சுமார் 30 சதவீதம் கெட்டுப் போனாலும் விவரம் வந்துவிடும்.

வாட்ஸ்அப் வைத்திருப்பவர்களுக்கு எதுவும் செய்ய வேண்டியதே இல்லை. அமைப்புகள் பக்கத்தில் உங்கள் பெயருக்குப் பக்கத்திலேயே உங்களுக்கான கியூஆர் கோடு தயாராக இருக்கிறது. எதிரில் இருப்பவர் அதைக் காட்டிப் படித்தால் உங்கள் எண் அவருக்குப் போய்விடும். வேண்டாதவர்கள் கைக்கு அந்தக் கட்டம் போய்விட்டது என்று தோன்றினால் அங்கேயே அதை மாற்றிக்கொள்ளலாம், பழைய கட்டம் செல்லாது.

அச்சடிக்கப் போகிறவர்கள் ஒன்றைக் கவனிக்கணும். இலவசமாகக் கோடு செய்து தருகிறோம் என்று சொல்லும் சில தளங்கள், நம் எண்ணை நேராகக் கட்டத்துக்குள் வைக்காது. தன் தளத்தின் முகவரியை வைத்துவிட்டு, அங்கிருந்து நம் விவரத்தைக் காட்டும். சில வாரம் கழித்து, பணம் கட்டினால்தான் காட்டுவேன் என்று நின்றுவிடும். ஐந்நூறு அட்டை அச்சடித்த பிறகு இது தெரிந்தால் என்ன செய்வது? இதற்கு ஒரு சின்னச் சோதனை இருக்கு. போனில் இணையத்தை நிறுத்திவிட்டுக் கட்டத்தைப் படித்துப் பாருங்க. பெயரும் எண்ணும் வந்தால் அது நேரான கோடு. வெறும் இணைய முகவரி மட்டும் வந்தால் அச்சுக்குக் கொடுக்காதீங்க. மண்டபத்துக்குள் சிக்னல் இல்லாத திருவிழாக்களிலும் நேரான கோடுதான் கைகொடுக்கும்.

எண்ணோடு என்ன சேர்ப்பது?

மாட்டுக் காதில் மஞ்சள் தோடு மாட்டியிருப்பார்கள் இல்லையா? அதில் 12 இலக்க எண் இருக்கும். அந்த எண்ணை மட்டும் பார்த்தால் மாட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. அதற்குப் பின்னால் பதிவு இருக்கிறது, யார் மாடு, என்ன இனம், எப்போது தடுப்பூசி என்று. அந்தப் பதிவு இருந்தால்தான் தோட்டுக்கு மதிப்பு. நம் டேக்கும் அப்படித்தான். எண்ணை மட்டும் கொடுத்தால் இன்னொரு ‘நெல் அண்ணன்’ உருவாவார்.

எங்கள் மேசையில் இப்போது ஐந்து விவரம் வைக்கிறோம். பெயரோடு ஊர், வட்டம். என்னிடம் இருக்கும் விதை. எனக்கு வேண்டிய விதை அல்லது தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம். பேசுவதற்கு ஏற்ற நேரம். கடைசியாகப் போன் எண். மூன்றாவதாகச் சொன்ன ‘எனக்கு வேண்டியது’தான் அதிகப் பேச்சைத் தொடங்கி வைக்கிறது. ‘கிச்சிலிச் சம்பா விதை இருக்கு’ என்பதைப் படித்துவிட்டு வாங்கிக்கொண்டு போகிறார்கள். ‘ஆனைக்கொம்பன் ஈயை எப்படிச் சமாளிக்கிறீங்க?’ என்பதைப் படித்தால் நின்று பேசுகிறார்கள். பேசுவதற்கு ஏற்ற நேரத்தையும் விட்டுவிடாதீங்க. காலை பத்து மணிக்கு வயலில் சேற்றில் நிற்பவரைக் கூப்பிட்டால் எடுக்க மாட்டார். இரண்டு முறை எடுக்காவிட்டால், “பெரிய ஆளு, நம்மகிட்டப் பேச மாட்டாரு” என்று நினைத்துவிடுகிறோம்.

விதைப் பொட்டலத்தின் மேலும் ஒரு சின்ன கியூஆர் ஒட்டுகிறோம். மனிதருக்கு ஒன்று, விதைக்கு ஒன்று. பொட்டலத்தில் இருப்பது ரகத்தின் பெயர், பட்டம், நாள், அறுவடை செய்த மாதம், கொடுத்தவர் எண். பொட்டலம் கை மாறி மூன்றாவது ஆளிடம் போனாலும் விலாசம் கூடவே போகும்.

இன்னொரு வழி எங்களுக்கு ரொம்பப் பயன்பட்டது. வாட்ஸ்அப் இணைப்பிலேயே ஒரு செய்தியை முன்கூட்டியே எழுதி வைக்க முடியும். கட்டத்தைப் படித்தவுடன் வாட்ஸ்அப் திறந்து, ‘பெயர், ஊர், விதை’ என்று வார்த்தைகள் தயாராக நிற்கும். அவர் தன் விவரத்தை நிரப்பி அனுப்புவார். நம் எண் அவரிடம் போகிறது, அவர் எண் நம்மிடம் வருகிறது, என்ன விதை, எந்தத் தேதி என்பதும் அங்கேயே பதிவாகிவிடுகிறது. ஒரு பக்கம் மட்டும் எண் போனால் அது விளம்பரம். இரண்டு பக்கமும் போனால்தான் உறவு.

கவனம் வேண்டிய இடங்கள்

பணம் கட்டும் கட்டமும் தொடர்புக் கட்டமும் ஒரே மாதிரி இருப்பதால் குழப்பம் வரும். மேசையில் இரண்டையும் தள்ளித் தள்ளி வைத்து, மேலே பெரிய எழுத்தில் ‘பணம்’, ‘பேச’ என்று எழுதி வைத்துவிடுகிறோம். ஒரு எண்ணைச் சேமிக்கவோ, பணம் நமக்கு வரவோ ரகசிய எண் போட வேண்டிய அவசியமே இல்லை. போடச் சொன்னால் அது பணம் போகிற வழி, உடனே நிறுத்துங்க. நம் கட்டத்தின்மேல் வேறு யாராவது ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார்களா என்று மணிக்கொரு முறை பார்த்துக்கொள்வதும் நல்லது.

அடுத்தது, எண் சேகரிப்பவர்கள். கூட்டத்துக்கு உழவர்கள் மட்டும் வருவதில்லை. ஒரு திருவிழாவில் எல்லோருடைய எண்ணையும் சுவரில் ஒட்டியிருந்தார்கள். மறுவாரம் முழுக்க இடுபொருள் விற்பவர்களின் அழைப்பு. அதிலிருந்து எங்கள் கூட்டத்தில் ஒரு முடிவு: மற்றவர் எண்ணை அவர் சம்மதம் கேட்காமல் குழுவில் போடக் கூடாது, பட்டியலாக அச்சடிக்கக் கூடாது. நம் எண்ணை நாமே கொடுப்போம். 2023-இல் வந்த தனிநபர் மின்தரவுப் பாதுகாப்புச் சட்டமும் சம்மதத்தைத்தான் பேசுகிறது. நமக்குள் அது சட்டத்துக்காக இல்லை, மரியாதைக்காக.

பட்டன் போன்காரர்களும் பெண்களும்

விதையைப் பற்றி அதிகம் தெரிந்தவர்கள் யார் என்று ஒரு கணம் யோசித்துப் பாருங்க. அறுபது, எழுபது வயதுப் பெரியவர்களும், விதையை உலர்த்தி, வேப்பிலை, நொச்சி போட்டுப் பானையில் கட்டி வைத்த அம்மாக்களும்தான். இவர்களில் பலரிடம் பட்டன் போன் இருக்கும், அல்லது போனே மகன் கையில் இருக்கும். டேக்கும் கியூஆரும் மட்டும்தான் வழி என்று வைத்தால், அதிகம் தெரிந்தவர்களை வாசலிலேயே நிறுத்திவிட்டு, புதிதாக வந்தவர்கள் நமக்குள் எண்ணைப் பரிமாறிக்கொண்டிருப்போம்.

அதனால் எங்கள் அட்டையில் கட்டத்துக்குக் கீழே எண்ணையும் ஊரையும் பெரிய எழுத்தில் அச்சடித்திருக்கிறோம். மேசையில் ஒரு நீண்ட நோட்டும், நல்ல கையெழுத்துள்ள ஒரு பிள்ளையும் இருக்கிறார்கள். பட்டன் போன் வைத்திருப்பவர் எண்ணைச் சொன்னால், அந்தப் பிள்ளை அங்கேயே ஒரு மிஸ்டு கால் கொடுத்துச் சரிபார்த்து எழுதிவிடும். ஒன்பது இலக்கச் சிக்கல் அதோடு தீர்ந்தது. கூட்டம் முடிந்ததும் நோட்டுப் பக்கத்தைப் படம் எடுத்து இரண்டு பேர் போனில் வைக்கிறோம். ஒரு நோட்டு நனைந்தால் எல்லாம் போய்விடும் என்பதைக் கஜா சொல்லிக் கொடுத்திருக்கிறதே.

பெண்கள் விஷயத்தில் ஒரு மாற்றம் செய்தோம். பொதுக் கூட்டத்தில் தங்கள் எண்ணைக் கழுத்தில் தொங்கவிடப் பல பெண்களுக்கு விருப்பமில்லை. அது நியாயம்தான். அவர்களுடைய விதைப் பொட்டலத்தில் குழுவின் பொது எண்ணையும் ஒரு வரிசை எண்ணையும் வைக்கிறோம். யாராவது அழைத்தால், அந்த அம்மாவிடம் கேட்டு, அவர் சரி என்றால் இணைத்துவிடுகிறோம். விதையின் பெயருக்குப் பக்கத்தில் அவர் பெயர் நிச்சயம் இருக்கும். எண் மட்டும்தான் கேட்டுத் தருவது.

ஏழு நாள் கணக்கு

டேக் தட்டியது, கட்டம் படித்தது, எண் வந்தது. அதோடு வேலை முடியவில்லை. நாற்று நட்டுவிட்டுத் தண்ணீர் கட்டாமல் போகிற உழவர் உண்டா? எங்கள் கூட்டத்தில் ஒரு பழக்கம் வைத்திருக்கிறோம். திருவிழா முடிந்து ஏழு நாளைக்குள் மூன்று பேருக்காவது போன் செய்து பேசுவது. “ஐயா, போன ஞாயித்துக்கிழமை உங்ககிட்ட கருப்புக்கவுனி வாங்குனேன், எப்ப விதைக்கலாம்?” என்ற ஒரு கேள்வி போதும். அந்த முதல் அழைப்பு நடந்துவிட்டால், பிறகு கதிர் வரும்போது படம் போகும், பூச்சி வந்தால் கேள்வி போகும், அறுவடையானால் விதை திரும்பி வரும். முதல் அழைப்பு நடக்காத எண்கள் போனில் தூங்கிக்கொண்டே இருக்கின்றன.

விதைக்கு மட்டும் இல்லை. பங்கேற்பு உத்தரவாதம் என்னும் பிஜிஎஸ் சான்று முறையில் குறைந்தது ஐந்து உழவர் ஒரு குழுவாகி, ஒருவர் வயலை ஒருவர் பார்த்து உறுதி சொல்ல வேண்டும். ஒருவரை ஒருவர் தெரிந்திருப்பதே அங்கே சான்றுக்கு அடிப்படை. பக்கத்து ஊரில் இயற்கை வழி செய்கிறவர் இருப்பதே தெரியாமல், தனியாக நின்று சோர்ந்து விட்டவர்களைப் பார்த்திருக்கிறேன். எங்கள் கூட்டத்தில் பக்கத்துப் பக்கத்து ஊர்க்காரர்கள் இரண்டு பேர், ஒருவர் அட்டையில் ஒருவர் ஊர்ப் பெயரைப் படித்துவிட்டு, “அட, நம்ம ஆத்துக்கு அக்கரையா நீங்க?” என்று கட்டிக்கொண்டார்கள். இரண்டு பேரும் ஆறு ஆண்டாக அதே வேலையைத் தனித்தனியாகச் செய்து வந்தவர்கள்.

அந்தப் பெரியவருக்கு நான் சொன்ன பதில் இதுதான்: “ஐயா, இந்த வில்லை விதையைக் காக்காது. விதையைக் காக்குறது நீங்கதான். உங்களை நாங்க தொலைச்சிடாம இருக்கத்தான் இது.” அவர் கொஞ்சம் யோசித்துவிட்டு, “அப்ப என் பேரையும் எழுது. பட்டன் போனுதான். சாயங்காலம் ஆறு மணிக்கு மேல பேசச் சொல்லு. எங்கிட்ட குழியடிச்சான் இருக்கு” என்றார்.

அடுத்த கூட்டத்துக்கு வரும்போது நீங்களும் ஒரு அட்டை எழுதி எடுத்து வாங்க. டேக் இல்லாவிட்டால் பரவாயில்லை, பழைய காலண்டர் அட்டை போதும். பெயர், ஊர், கையில் இருக்கும் விதை, வேண்டிய விதை, பேசும் நேரம். அப்புறம், போனில் தூங்குகிற அந்த ‘நெல் அண்ணன்’களில் ஒருவரையாவது இன்று மாலை கூப்பிட்டு, “நீங்க எந்த ஊருண்ணே?” என்று கேட்டுவிடுங்க.